பழைய கேம்ரியா, புது பெஸ்ஸாவா? பழைய குடும்பக் காடி ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்

செந்தூல்வாசி:

"இந்தக் காசுக்குப் புது பெஸ்ஸாவே எடுத்திருக்கலாமே" என்று, பழைய கேம்ரி வாங்கிய என்னைக் கேட்காதவர் யாரும் இல்லை. பெஸ்ஸா என்பது பெரோடுவாவின் சின்ன செடான். மாமனார் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். பதிலை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் இனி கேட்பவர்களுக்கு இணைப்பை மட்டும் அனுப்பிவிடலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என்னிடம் இருப்பது 2013 டொயோட்டா கேம்ரி, 2.0 லிட்டர் எஞ்சின். வாங்கும்போது அதற்குப் பத்து வயது. விலை 40,000 வெள்ளி (ரிங்கிட்). 15,000 கையில் இருந்தது, மீதிக்குக் கடன். வீட்டில் நானும் மனைவியும், இரண்டு பிள்ளைகள், அம்மா. இரண்டு பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு இருக்கை போட்ட பிறகு நடுவில் அம்மா உட்கார வேண்டும். முன்பு வைத்திருந்த சின்னக் காடியில் அது நடக்காது. அம்மா ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே பத்துமலைக்குப் போய் வருவார், இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். கேம்ரியில் அந்தப் பேச்சே இல்லை. தீபாவளிக்குச் சுங்கை பட்டாணி வரை போனால் பின்னால் மூவருமே தூங்கிவிடுகிறார்கள். தாப்பா தாண்டி மழை பிடித்தாலும் உள்ளே பேச்சு கேட்கும். இதெல்லாம் பெஸ்ஸாவில் கிடைக்காது என்பது என் அபிப்பிராயம். பெஸ்ஸாக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், என் தம்பியும் அதுதான் ஓட்டுகிறான்.

இப்போது செலவு. சாலை வரி 379 வெள்ளி. 1.5 காடிக்கு 90 தான். டேங்க் 70 லிட்டர், பெட்ரோலை லிட்டர் 1.99 வெள்ளிக்கு நிரப்பினாலும் 139 வெள்ளி. ஊருக்குள் லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுத்தால் நான் சந்தோஷப்படுவேன். ஹைவேயில் 12, 13 வரும். டயர் ஒன்று 350-க்குக் குறையாது. முதல் வருடத்தில் அப்சார்பர், லோவர் ஆர்ம் புஷ், எஞ்சின் மவுண்டிங், ஏர்கோன் கூலிங் காயில் என்று வரிசையாக வந்தது. நாலாயிரத்துக்கு மேல் போயிருக்கும். இதில் கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பத்து வயது ரப்பருக்கு அதுதான் ஆயுள்.

நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: புதிதில் ஒன்றரை லட்சம் வெள்ளி வாக்கில் விற்ற காடி இது. காடியின் விலை கால்வாசிக்கு இறங்கிவிட்டது, சாமான் விலை இறங்கவில்லை. எஞ்சின் மவுண்டிங் விற்பவன் என் காடிக்கு வயது என்ன என்று கேட்பதில்லை.

அதனால் 40,000 காடி என்று நினைத்து வாங்காதீர்கள். பெரிய காடியைப் பராமரிக்கும் சம்பளம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உங்கள் அனுபவம் என்ன?


பாலம்தாண்டி:

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்குத் தினமும் பினாங்குப் பாலம் தாண்டுகிறவன் நான். என் கட்சி நேர் எதிர்.

2014 டொயோட்டா வியோஸ், 1.5, பழைய நாலு கியர் ஆட்டோ. காலையில் தீவுப் பக்கம் போகும்போது பாலத்தின் மேல் நெரிசல் எப்படி இருக்கும் என்று இங்கே வருகிற பினாங்குக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 13 கிலோமீட்டர் பாலம், நடுக்கடலில் நின்றுகொண்டு முன்னால் இருக்கிற லோரியின் மண் தடுப்பில் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டிருப்போம். அந்த இடத்தில் 2.0 எஞ்சின் என்ன செய்யும்? பெட்ரோல் குடிக்கும். சொகுசு இருக்கையில் உட்கார்ந்து நெரிசலில் நின்றாலும் நெரிசல்தான்.

ஜார்ஜ்டவுனில் லெபோ பசார் பக்கம் போய் பெரிய காடியை நிறுத்திப் பாருங்கள். அப்புறம் பேசலாம்.

வியோஸின் குறையையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தால் பாலிக் பூலாவ் மலைப் பாதையில் ஏறும்போது எஞ்சின் கத்தும். நாலு கியர்தானே, இரண்டாவதற்கு இறங்கி அங்கேயே நிற்கும். இறங்கும்போது நானும் இரண்டில் போட்டுத்தான் இறங்குவேன், பிரேக்கை மிதித்துக்கொண்டே வருபவர்களின் சக்கரத்திலிருந்து வருகிற வாசனை பின்னால் வருகிற எனக்கு அடிக்கும். பின் இருக்கைக்கு ஏர்கோன் துளை கிடையாது. மத்தியான வெயிலில் நிறுத்திய காடியில் ஏறினால் பின்னால் இருப்பவர்கள் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பினாங்கில் பழைய காடி பார்க்கிறவர்களுக்கு ஒன்று. தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி பக்கம் கடலைப் பார்த்து நிறுத்தியே வளர்ந்த காடி என்றால் அடியில் பார்க்காமல் வாங்காதீர்கள். மேலே பாலிஷ் போட்டு மின்னும். அடியில் எக்சாஸ்ட் மாட்டுகிற கொக்கிகளும் பிரேக் குழாய் கிளிப்புகளும் உப்புக் காற்றில் பொரிந்து போயிருக்கும்.


கணக்குப்பிள்ளை:

செந்தூல்வாசி சொன்ன பெட்ரோல் கணக்கை எடுத்துக்கொள்வோம். மாதம் 1,500 கிலோமீட்டர். லிட்டருக்கு 8 என்றால் சுமார் 188 லிட்டர், 373 வெள்ளி. வியோஸ் 12 கொடுத்தால் 125 லிட்டர், 249 வெள்ளி. வித்தியாசம் மாதம் 124 வெள்ளி. இது மைகார்டு (அடையாள அட்டை) காட்டி 1.99-க்குப் போடும் கணக்கு, 2025 செப்டம்பர் கடைசியில் வந்த விலை. வருடத்துக்கு 1,500 வெள்ளி வாக்கில், அதோடு சாலை வரி வித்தியாசம் 289. இரண்டையும் சேர்த்தால் வருடம் 1,800-க்குக் கொஞ்சம் குறைவு.

உங்கள் அம்மாவின் இடுப்பு வலிக்கு மாதம் 150 வெள்ளி என்று எடுத்துக்கொண்டால் அது மோசமான விலை இல்லை. உண்மையாகத்தான் சொல்கிறேன்.


செந்தூல்வாசி:

இதை அப்படியே மாமனாருக்கு அனுப்பப் போகிறேன்.


மூன்றுபிள்ளைக்காரி:

ஆண்கள் எஞ்சினைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பீர்கள். நான் செலாயாங்கிலிருந்து தினமும் மூன்று பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது 2014 ஹோண்டா சிட்டி, வி ரகம், இரண்டாம் கையாக வாங்கியது. நான் முதலில் பார்த்தது பின் கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பதைத்தான். தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையில் பள்ளிப் பையோடு, குனிந்து பாதுகாப்பு இருக்கையில் உட்கார வைத்து வாரை மாட்ட வேண்டும். கதவு பாதியில் நின்றால் உங்கள் தலையோ குழந்தையின் தலையோ மேலே இடிக்கும். டீலர் கடையில் இதைச் செய்து பார்த்தேன், அவன் சிரித்தான். சிரிக்கட்டும்.

பூட் 536 லிட்டர். தள்ளுவண்டி, சந்தைச் சாமான், சலவைக்குப் போகிற மெத்தை விரிப்பு எல்லாம் போகும். என் காடியில் பின்னாலும் ஏர்கோன் துளை இருக்கிறது. எம்ஆர்ஆர்2 சாலை நெரிசலில் நிற்கும்போது அந்த ஒரு துளைதான் வீட்டின் அமைதியைக் காப்பாற்றுகிறது.

பாதுகாப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே? பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இருக்கை 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் கட்டாயம். பழைய காடி பார்க்கும்போது ஐசோஃபிக்ஸ் கொக்கி (குழந்தை இருக்கையைக் காடியோடு மாட்டுகிற கம்பி) இருக்கிறதா என்று பின் இருக்கையின் முதுகுக்கும் அடிக்கும் நடுவில் கையை விட்டுப் பாருங்கள், விளம்பரத்தில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். சறுக்கும்போது காடியை நேராக்குகிற விஎஸ்ஏ என் சிட்டியில் எல்லா ரகத்திலும் வந்தது. அதே வருடத்து வேறு பல காடிகளில் அது உயர்ந்த ரகத்துக்கு மட்டும்தான், சிலவற்றில் அதுவும் இல்லை. மழைநாளில் காராக் ஹைவேயில் ஓட்டுகிறவர்களுக்கு இது சொகுசு இல்லை.

அப்புறம் டகாட்டா காற்றுப்பை. பல ஜப்பானிய நிறுவனங்களின் காடிகளில் அந்தப் பையை ஊத வைக்கிற இன்ஃப்ளேட்டரைத் திரும்பப் பெற்று இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். விபத்தில் அது வெடித்து உலோகத் துண்டு பறந்து உயிரே போயிருக்கிறது, நம் நாட்டிலும். கை மாறிய காடிகளில்தான் ஆபத்து அதிகம், கடிதம் பழைய ஓனர் வீட்டுக்குப் போயிருக்கும். சேசிஸ் நம்பரை வைத்துக் கம்பெனி இணையதளத்தில் தேடினால் மாற்றியாகிவிட்டதா இல்லையா என்று தெரிந்துவிடும். வாங்கும் முன்பே தேடுங்கள்.

குறை? ரோட்டுச் சத்தம் உள்ளே வரும். பள்ளத்தில் பின் சக்கரம் இறங்கினால் பிள்ளைகள் "அம்மா!" என்பார்கள். நாலு பேர் குடும்பத்துக்கு இது போதும், ஐந்து பேருக்குப் பின்னால் நடுவில் இருப்பவர் பாவம்.


பழைய வாத்தியார்:

2002 புரோட்டோன் வாஜா, மேனுவல், மிட்சுபிஷியின் 4ஜி18 எஞ்சின். இன்னும் ஓட்டுகிறேன், ஆயர் ஈத்தாமில். சாமான் எந்தக் கடையிலும் கிடைக்கும், பத்து வெள்ளியில் தொடங்கும். டைமிங் பெல்ட்டை மட்டும் நேரத்துக்கு மாற்றிவிட வேண்டும், இது சங்கிலி இல்லை, அறுந்தால் வால்வு வளைந்துவிடும்.

கேம்ரித் தம்பி சொன்னது சரி. யானையின் விலை குறைந்தாலும் தீனி குறையாது.

ஆனால் என் காடியை யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். நானும் என் மனைவியும் சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வருகிறோம், அவ்வளவுதான். பேரப்பிள்ளைகள் வந்தால் மகனின் காடியில்தான். மூன்றுபிள்ளைக்காரி சொன்ன ஒன்றுமே இதில் கிடையாது.


முதல்காடி:

வணக்கம் அண்ணன்மார்களே, அக்கா. முதல் முறையாகக் காடி வாங்கப் போகிறேன், இதுவரை மோட்டார்தான். கல்யாணமாகி ஒரு குழந்தை, செராஸில் வாடகை வீடு. பட்ஜெட் 25,000, அதிகபட்சம் 28,000. ஒரு டீலரிடம் 2015 செடான் ஒன்று பார்த்தேன். மைலேஜ் 60,000 சொச்சம்தான் காட்டுகிறது, வெளியே பளபளவென்று இருக்கிறது. "ஒரே லேடி ஓனர்" என்றார். வேறு இருவர் பார்க்க வருகிறார்கள், இன்றே 500 வெள்ளி முன்பணம் கட்டிவிடு என்கிறார். கட்டலாமா?


பாலம்தாண்டி:

கட்டாதே.


கெப்போங் போமன்:

தம்பி, "ஒரே லேடி ஓனர்" என்று சொல்லாத டீலரை, காடி பழுது பார்க்கிற போமனான நான் இன்னும் பார்க்கவில்லை. கேஎல்லில் (கோலாலம்பூரில்) இருக்கிற லேடிகள் எல்லாம் காடி வாங்கி, வாரம் ஒருமுறை பசாருக்குப் போய்விட்டு, வீட்டில் துணி போட்டு மூடி வைத்துவிடுகிறார்கள் போலிருக்கிறது.

நீ இன்னொரு தடவை போ. சொல்லாமல் போ, காலையில் கடை திறக்கும் நேரத்துக்குப் போ. முதல் வேலை, பானெட்டில் கையை வை. சூடாக இருந்தால் உனக்கு முன்னால் ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். ஆறிய எஞ்சின்தான் உண்மை பேசும், முதல் சில விநாடிகளில் கடகடவென்று சத்தம் வருகிறதா, பின்னால் நீலப் புகை வருகிறதா என்று அப்போதுதான் தெரியும்.

அடுத்து சீட் பெல்ட். எல்லோரும் பாதிவரைதான் இழுப்பார்கள், நீ கடைசி வரை இழு, இழுக்க முடியாத அளவுக்கு. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம், கிள்ளான் பக்கம் எத்தனை காடி மூழ்கியது என்று ஞாபகம் இருக்கும். பினாங்கில் 2017 நவம்பர். அந்தக் காடிகள் எல்லாம் எங்கே போயின என்று நினைக்கிறாய்? பழைய இரும்புக்குப் போனது பாதி, மீதி கழுவித் துடைத்து வாசனைத் திரவம் அடித்து வெளியே வந்தது. இருக்கையைக் கழுவுவார்கள், கார்ப்பெட்டை மாற்றுவார்கள். பெல்ட்டின் கடைசி ஒரு முழம் எப்போதும் சுருளுக்குள்ளேயே இருப்பதால் அதை மறந்துவிடுவார்கள். அங்கே பழுப்புக் கோடு இருந்தால், மூக்கில் வைத்துப் பார், சேறு வாசனை வரும். இருக்கைக்கு அடியில் தண்டவாளம் மாதிரி இருக்கிற கம்பியின் போல்ட்டு, ஸ்பேர் டயர் குழி, டேஷ்போர்டுக்கு அடியில் வயர் கூடுகிற இடம், மூன்றையும் டார்ச் அடித்துப் பார். செம்புக் கம்பியில் பச்சை பிடித்திருந்தால் கிளம்பி வந்துவிடு, பேரம் பேசாதே. வெள்ளக் காடியின் நோய் இன்றைக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து நடுராத்திரியில் லைட் எரியும், ஜன்னல் தானாக இறங்கும், எங்களாலேயே கண்டுபிடிக்க முடியாது.

மைலேஜ். 60,000 ஓடிய காடியின் பிரேக் பெடல் ரப்பரில் கோடுகள் இன்னும் இருக்க வேண்டும். ஸ்டேரிங் தோல் வழவழவென்று தேய்ந்திருந்தால், ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரம் அமுங்கிப் போயிருந்தால், மீட்டரை யாரோ திருப்பியிருக்கிறார்கள். ஸ்டேரிங்குக்குப் புது உறை போட்டிருந்தால் அதைக் கழற்றிப் பார்க்கச் சொல். டயரின் பக்கத்தில் நாலு எண் இருக்கும், 2119 என்றால் 2019-இன் 21-ஆவது வாரம். நாலும் நாலு கம்பெனி, நாலு வருடம் என்றால் அந்த ஓனர் எப்படிப்பட்டவர் என்று நானே சொல்லிவிடுவேன். கம்பெனி சர்வீஸ் செண்டரில் செய்த காடி என்றால் அவர்கள் கணினியில் பதிவு இருக்கும், ஓனரைக் கேட்கச் சொல்லி வாங்கிப் பார்.

கதவைத் திறந்து, ஓரத்து ரப்பரை மெல்ல உரித்துப் பார். உள்ளே தகட்டில் வட்ட வட்டமாகக் குழி வரிசை இருக்கும், அது கம்பெனி வெல்டிங். ஓர் இடத்தில் குழி இல்லாமல் மொழுமொழுவென்று இருந்தால் அல்லது கரடுமுரடாக இருந்தால், அந்தப் பக்கம் வெட்டி ஒட்டியிருக்கிறது. பானெட் கீலில் இருக்கிற போல்ட்டில் பெயிண்ட் கீறல் இருந்தால் முன்னால் இடித்து மாற்றியிருக்கிறார்கள். சின்ன இடி பரவாயில்லை, கேஎல்லில் இடிபடாத காடி ஏது? வெட்டி ஒட்டியதுதான் கூடாது.

கியர்பாக்ஸ். ரிவர்ஸ் போட்டால், டி போட்டால், உடனே பிடிக்க வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற நேரம் எடுத்தால் அல்லது முதுகில் தட்டினால் வேண்டாம். போன மாதம் என்னிடம் ஒரு காடி வந்தது. பெயர் எதற்கு, சிவிடி கியர்பாக்ஸ் (கியர்ப் படிகள் இல்லாமல் பெல்ட்டில் ஓடுகிற ஆட்டோ) என்று மட்டும் வைத்துக்கொள். மூன்றாவது ஓனர். முதல் ஆளும் மாற்றவில்லை, இரண்டாவது ஆளும் மாற்றவில்லை, சிவிடி எண்ணெய் கறுப்புக் காப்பி நிறத்தில் இருந்தது. உள்ளே பெல்ட்டும் புல்லியும் உலோகத்தோடு உலோகம் உரசுகிற சாமான், எண்ணெய்தான் அதற்கு எல்லாம். கேஎல் நெரிசலில் ஓடுகிற காடிக்கு நான் 40,000 கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுவேன். அந்த ஆளுக்குப் பெட்டியைப் பிரித்ததில் ஐயாயிரத்துக்கு மேல் பில். காடியை வாங்கியதே 18,000-க்கு.

சிவிடி மோசம் என்று நான் சொல்லவில்லை. எண்ணெய் மாற்றிய சிவிடி நன்றாக ஓடும், பெட்ரோலும் மிச்சம். பழைய நாலு கியர் பெட்டி கொஞ்சம் புறக்கணித்தாலும் தாங்கும், அவ்வளவுதான் வித்தியாசம். முன் ஓனர் எப்படிப்பட்டவர் என்று தெரியாத காடி என்றால் முதல் முறை வாங்குகிறவனுக்கு நான் நாலு கியர்தான் சொல்வேன்.

500 வெள்ளியைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள். வேறு இருவர் வருகிறார்கள் என்றால் வரட்டும்.


மூன்றுபிள்ளைக்காரி:

போமன் அண்ணே, இதை எழுத எவ்வளவு நேரம் ஆனது?


கெப்போங் போமன்:

மழை. கடையில் ஆள் இல்லை.


கணக்குப்பிள்ளை:

கடன் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். காடிக் கடனுக்கு வங்கிகள் பல காலமாகச் சொல்லிவந்த வட்டி நிலைவட்டி. 25,000-க்கு 4 சதவீதம், ஐந்து வருடம் என்றால் வட்டி 5,000, மொத்தம் 30,000, மாதம் 500. பார்க்க எளிது. ஆனால் நீங்கள் மாதாமாதம் முதலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி என்னவோ முழு 25,000-க்கும் ஐந்து வருடமும் போடப்பட்டது. வீட்டுக் கடன் மாதிரிக் கணக்குப் போட்டால் அது 7 சதவீதத்துக்கு மேல். பழைய காடிக்கு வங்கி வட்டியைக் கூட்டும், வருடத்தைக் குறைக்கும், காடியின் வயதையும் சேர்த்துப் பார்க்கும்.

செந்தூல்வாசியின் மாமனாருக்காக: புது பெஸ்ஸாவுக்கு 45,000 கடன், 3 சதவீதம், 9 வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 529. மாதத் தொகை ஏறத்தாழ ஒன்றுதான். 25,000 கடன் எடுத்த கேம்ரிக்காரர் 60 மாதத்தில் முடிப்பார், பெஸ்ஸாக்காரர் 108 மாதம் கட்டுவார். ஆனால் பெஸ்ஸாவுக்கு உத்தரவாதம் இருக்கிறது, விற்கும்போது நல்ல விலையும் போகும். கேம்ரியை இன்னும் ஐந்து வருடம் கழித்து எடுக்க ஆள் தேட வேண்டியிருக்கும். மாமனார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

காப்புறுதியில் பலருக்குத் தெரியாதது ஒன்று, அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பழைய காடி விபத்தில் சிக்கி, பழைய சாமானுக்குப் பதில் புது ஒரிஜினல் சாமான் போட்டால், காப்புறுதி நிறுவனம் முழுவதையும் கட்டாது. காடிக்கு ஐந்து வயது என்றால் சாமான் விலையில் 15 சதவீதம் உங்கள் தலையில். ஒவ்வொரு வருடமும் 5 ஏறும், பத்து வயதிலிருந்து 40 சதவீதம். பெட்டர்மென்ட் என்பார்கள். 6,000 வெள்ளிக்குச் சாமான் என்றால் 2,400 உங்கள் கையிலிருந்து. இதைத் தவிர்க்கக் கூடுதல் பிரீமியம் கட்டி ஒரு சேர்ப்பு வாங்கலாம், பாலிசி எடுக்கும்போதே கேளுங்கள். வெள்ளத்துக்கும் தனிச் சேர்ப்பு வேண்டும், சாதாரண முழுக் காப்புறுதியில் அது இருக்காது.

என்சிடி (இழப்பீடு கேட்காமல் இருந்தால் பிரீமியத்தில் கிடைக்கிற கழிவு) பற்றி: அது ஆளுக்குச் சேர்வது, காடிக்கு இல்லை. ஓனரின் 55 சதவீதம் உனக்கு வராது தம்பி, உனக்குச் சுழியத்திலிருந்துதான். அடுத்த வருடம் 25, அதற்கடுத்து 30 என்று ஏறும். அதனால் முதல் வருடப் பிரீமியத்தைப் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்.


செந்தூல்வாசி:

40 சதவீதமா? என் ஏஜெண்ட் இதை வாயே திறக்கவில்லை. பாலிசியைத் தேடப் போகிறேன்.


பாலம்தாண்டி:

என்னுடையதில் அந்தச் சேர்ப்பு இருக்கிறது. வங்கியில் வேலை பார்க்கிற மைத்துனி பிடித்து வாங்க வைத்தாள்.


முதல்காடி:

காலையில் போய்ப் பார்த்தேன். பானெட் சூடாக இல்லை, அதுவரை சரி. பெல்ட்டும் சுத்தம். ஆனால் பிரேக் பெடல் ரப்பர் நடுவில் மொட்டையாக இருந்தது, ஸ்டேரிங்கில் புது உறை. கழற்றச் சொன்னதும் டீலர் முகம் மாறிவிட்டது, "வாங்கினால் வாங்கு, இல்லாவிட்டால் போ" என்றார். முன் கண்ணாடியில் கிராப் வாடகைக் காடி ஸ்டிக்கர் ஒட்டி உரித்த தடம் வேறு லேசாகத் தெரிந்தது. லேடி ஓனர் கிராப் ஓட்டியிருக்கலாம், அது தப்பில்லை, ஆனால் 60,000-இல் இல்லை.

இப்போது வேறு ஒன்று. எங்கள் தாமானிலேயே (குடியிருப்புப் பகுதியிலேயே) வயதான தம்பதி, நேரடியாக விற்கிறார்கள். 2014 நிசான் அல்மேரா, 1.5, நாலு கியர் ஆட்டோ. மைலேஜ் 118,000. சர்வீஸ் புத்தகம் இருக்கிறது, பில்களை எல்லாம் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார் அந்த அங்கிள். பம்பர் இரண்டு மூலையிலும் கீறல். 20,000 கேட்கிறார். பூட் பெரிது, மனைவிக்குப் பிடித்திருக்கிறது.


பழைய வாத்தியார்:

118,000 என்று காட்டுகிற மீட்டர்தான் நல்ல மீட்டர். பிஸ்கட் டின் அதைவிட நல்லது.


மூன்றுபிள்ளைக்காரி:

அல்மேராவின் பின் இருக்கையில் கால் நீட்ட இடம் அந்த வகைக் காடிகளிலேயே தாராளம், என் அக்கா வைத்திருந்தாள். குழந்தை இருக்கையைப் பின்னோக்கிப் போட்டாலும் முன்னால் உட்காருகிறவரின் முழங்கால் இடிக்காது. ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்த்தாயா? காற்றுப்பையையும் தேடு.


கெப்போங் போமன்:

நேரடி ஓனர் என்றால் கடன் பாக்கி இருக்கிறதா என்று முதலில் கேள். இருந்தால் வங்கி தன் உரிமையை விடுவித்த பிறகுதான் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) பெயர் மாறும். பெயர் மாற்ற புஸ்பாகோம் என்கிற காடிப் பரிசோதனை நிலையத்தில் பி5 பரிசோதனை வேண்டும். நீ வங்கிக் கடன் எடுத்தால் பி7-உம் கேட்பார்கள். பி5 பாஸானால் காடி நல்ல காடி என்று அர்த்தம் இல்லை, மீட்டர் உண்மையா என்று அவர்கள் சான்று தரமாட்டார்கள். உன் பெயரில் காப்புறுதி எடுத்த பிறகுதான் பெயர் மாறும், அதனால் கணக்குப்பிள்ளை சொன்னதை முதலில் முடி. போக்குவரத்து அபராதச் சம்மன் பாக்கி இருக்கிறதா என்றும் அங்கிளிடம் கேள், தடை விழுந்திருந்தால் கவுண்டரில் நின்றுவிடும்.

சனிக்கிழமை காலை நானே செராஸ் வருகிறேன். எஞ்சினைத் தொட வேண்டாம் என்று சொல்லி வை. டோலும் நாசி லெமாக்கும் உன் செலவு.


முதல்காடி:

வாங்க அண்ணே, நாசி லெமாக்கோடு கோழியும் வாங்கித் தருகிறேன். கடன் 2021-லேயே முடிந்துவிட்டது என்று அங்கிள் கடிதத்தைக் காட்டினார்.


பாலம்தாண்டி:

இங்கே பினாங்குப் பக்கம் யாராவது போமன் இருந்தால் சொல்லுங்கள். நாசி கண்டார் நான் தருகிறேன்.


கெப்போங் போமன்:

பார்த்துவிட்டேன். எஞ்சின் சுத்தம், சத்தம் இல்லை. கியர் பிடிப்பதில் தாமதம் இல்லை. அடியில் காய்ந்திருக்கிறது. கதவு ஓர வெல்டிங் நாலு பக்கமும் கம்பெனியுடையது. எஞ்சின் மவுண்டிங் ஒன்று கீறல் விட்டிருக்கிறது, டியில் பிரேக் பிடித்து நின்றால் ஸ்டேரிங்கில் நடுக்கம் தெரியும். முன் டயர் இரண்டும் போக வேண்டும். பேட்டரி இந்த வருடம் தாங்காது. மூன்றுக்கும் சேர்த்து ஆயிரம் வெள்ளி எடுத்து வை. கியர் எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றியது என்று பிஸ்கட் டின்னில் தேடினோம், பில் கிடைத்தது, 91,000-இல். அப்படியானால் அவசரமில்லை.

ஆயிரம் குறைத்துக் கேள் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.


முதல்காடி:

அங்கிள் 600 குறைத்தார், ஆன்ட்டி இன்னொரு 100 குறைக்கச் சொன்னார். 19,300. திங்கட்கிழமை பி5, அப்புறம் ஜேபிஜேயில் கைரேகை. காப்புறுதி ஏஜெண்டிடம் பெட்டர்மென்ட் சேர்ப்பு கேட்டதும் "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.


செந்தூல்வாசி:

என் பாலிசியில் அந்தச் சேர்ப்பு இல்லை. புதுப்பிக்கும்போது போடச் சொல்லியிருக்கிறேன். மாமனார் கணக்குப்பிள்ளையின் கணக்கைப் படித்துவிட்டார். பெஸ்ஸாவுக்கு உத்தரவாதம் இருக்கிறது என்ற வரியை மட்டும் எனக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.